சாட்ஸ்வொர்த்தில் பால்வாடி மாதிரி ஏதாவது உண்டா? அந்த 24 ராண்ட் யாருக்குப் போகிறது?

வெஸ்ட்கிளிஃப் மருமகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி விழுப்புரம் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனில் இருக்கிற சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவள் நான். பையன் 2021 அக்டோபரில் இங்கேதான் பிறந்தான். வீட்டுக்காரர் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், ஷூ ஃபேக்டரியில் வேலை. 2025 ஆரம்பத்திலிருந்து ஷார்ட் டைம் போட்டுவிட்டார்கள், வாரத்துக்கு மூன்று நாள்தான். கைக்கு வருவது ஆறாயிரம் ராண்டுக்குள். மாமியார் வீட்டில் இருப்பதால் வாடகை இல்லை. லைட், தண்ணி, சாப்பாடு, டாக்ஸிக் காசு எல்லாம் இதற்குள்தான்.

பையனைப் பக்கத்து ரோட்டில் ஒரு க்ரெஷ்ஷில் விட்டிருந்தோம். மாதம் 700 ராண்ட். கட்ட முடியாமல் ஜூனில் நிறுத்திவிட்டோம். இப்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை, கால் வீங்கிக் கிடக்கிறது, பையன் பின்னால் ஓட முடியாது. டிவியைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் க்ரெஷ்ஷுக்குப் போனபோது கலர் பெயர் சொல்லுவான், பாட்டுப் பாடுவான். இப்போது அதெல்லாம் குறைந்துவிட்டது. எனக்குத் தையல் தெரியும், ஓர் இடத்தில் ஆள் கேட்டார்கள், இவனை நினைத்துப் போகவில்லை.

ஊரில் என் அக்கா பிள்ளைகள் இரண்டும் பால்வாடியில்தான் வளர்ந்தன. சத்துமாவு, மதியம் சோறு, முட்டை, ஒரு பைசா வாங்கவில்லை. இங்கே அப்படி அரசாங்கம் நடத்துவது ஏதாவது இருக்கிறதா? கோயிலில் ஒருவர், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 24 ராண்ட் அரசாங்கம் தருகிறது என்றார். அது யார் கைக்குப் போகிறது? நான் கேட்டு வாங்க முடியுமா? க்ரெஷ்காரம்மாவிடம் கேட்டதற்கு, "எனக்கு ஒன்றுமே வருவதில்லை" என்றார். நல்ல மனுஷிதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

இன்னொன்று. இவனை எந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும்? கிரேட் ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருஷம், கட்டாயமா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஃபீனிக்ஸ்காரன்

24 ராண்ட் உண்மைதான் அக்கா. 2025 மே பட்ஜெட்டில் நிதியமைச்சர் கொடோங்வானா சொன்னது. அதற்கு முன் 17 ராண்ட். மூன்று வருஷத்துக்குக் கூடுதலாக 1,000 கோடி ராண்ட், புதிதாக ஏழு லட்சம் பிள்ளைகளைச் சேர்க்கப்போவதாகவும் சொன்னார்கள். இவ்வளவு பணம் கொடுத்த பிறகு க்ரெஷ்காரர்கள் ஃபீஸ் கேட்பது அநியாயம். புகார் கொடுங்கள்.

கராஜ் க்ரெஷ் அக்கா

தம்பி, புகார் மட்டும் வேண்டாம். அந்த அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நானும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு க்ரெஷ் நடத்துகிறேன், பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதிக்கு இறங்குகிற சரிவில். பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஜூலு வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் நம் ஆட்கள். இந்த விஷயம் என் சோற்றோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, முதலில் பால்வாடிக் கணக்கை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். என் அம்மா நாகப்பட்டினம் பக்கம் பால்வாடி ஆயாவாக இருந்தவர். அங்கே நடத்துவதே அரசாங்கம். டீச்சருக்கும் ஆயாவுக்கும் சம்பளம் அது கொடுக்கும், அரிசி பருப்பு அது அனுப்பும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பால்வாடிப் பிள்ளைகளுக்கும் அதில் சோறு வந்தது. எங்கள் தெருவில் எந்தத் தாயும் "பதிவு ஆகியிருக்கிறதா" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் கிரேட் ஆருக்குக் கீழே அரசாங்கம் நடத்துவது அபூர்வம். நடத்துவது என்னைப் போன்ற பெண்கள், சர்ச்சுகள், சங்கங்கள். இடம் எங்களுடையது, பொறுப்பும் எங்களுடையது. அரசாங்கம் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு தரும், அவ்வளவுதான். அந்தப் பங்கும் தாய் கைக்கு வராது, க்ரெஷ் கணக்குக்குத்தான் போகும். அதற்கும் க்ரெஷ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத க்ரெஷ்ஷில் இருக்கிற பிள்ளை எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அந்தப் பிள்ளை பேரில் ஒரு சென்ட் வராது. எனக்கு இதில்தான் ஆறவே ஆறாத கோபம்.

2021-இல் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். 42,420 இடங்கள். அதில் பதிவானது நூற்றுக்கு 40. மானியம் வாங்கியது நூற்றுக்கு 33. மற்ற இடங்களில் பிள்ளைகள் இல்லையா என்ன? அங்கேயும் காலையில் மூக்கொழுக வந்து உட்காருகிற பிள்ளைகள்தான்.

ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்பீர்கள். குழந்தைகள் சட்டப்படி ஆறு பிள்ளைக்கு மேல் பார்த்துக்கொண்டால் பதிவு வேண்டும். ஆனால் பதிவுக்கு முன்னால் நகராட்சி வந்துவிடும். வீட்டு பிளானில் கராஜ் என்றால் அது கார் நிறுத்துகிற இடம், அதில் பிள்ளைகளை வைக்க அனுமதி வாங்க வேண்டும். சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சிலிண்டர், வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஃபார்ம் 30, அதாவது குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில், உங்கள் பேர் இல்லை என்கிற சான்று. இந்தக் கடைசி ஒன்று எத்தனை மாதம் இழுத்தாலும் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

என் இடத்தை அளக்க வந்தவர் டேப்பை எடுத்துச் சுவரோரம் முட்டி போட்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரட்டை கராஜ், ஆறுக்கு ஆறு மீட்டர், 36 சதுர மீட்டர். ஒரு பிள்ளைக்கு உள்ளே ஒன்றரைச் சதுர மீட்டர் வேண்டும், வெளியே இரண்டு. அப்படியானால் 24 பிள்ளைகள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவர் அலமாரியும் என் மேசையும் நிற்கிற இடத்தை அளந்து மூன்று சதுர மீட்டரைக் கழித்தார். 22. அப்புறம் பின்னால் போய்க் கழிவறையைப் பார்த்தார். இருபது பிள்ளைக்கு ஒன்று, 22 என்றால் இரண்டு. சீட்டுப் பணத்தை எடுத்து இரண்டாவதைக் கட்டினோம். இதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் எங்கள் பிளானே காணாமல்போய், மறுபடி வரையச் சொல்லிக் காசு கொடுத்தோம்.

எனக்குச் சொந்த வீடு, சுவர், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்ததால் முடிந்தது. கீழே பாட்டில்பிரஷ்ஷில் ஒரு கோகோ, ஜூலுப் பாட்டி, தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்த நிலம் அவர் பேரில் இல்லை. பிளான் எங்கே போய்க் கொடுப்பார்? மானியம் மிகவும் தேவைப்படுவது அவருக்கு, வருவது எனக்கு. 2025-இல் பானா பேலே என்று ஒரு பதிவு இயக்கம் தொடங்கினார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். அடிப்படைப் பாதுகாப்பு இருந்தால் வெண்கலப் படியில் உள்ளே வரலாம், அப்புறம் மேலே ஏறலாம். 2022 ஏப்ரலில் இந்தப் பொறுப்பு சமூக நலத்துறையிலிருந்து கல்வித்துறைக்கு மாறிய பிறகு எனக்குத் தெரிந்து வந்த நல்ல மாற்றம் இது. அந்தக் கோகோவையும் உள்ளே கொண்டுவரத்தான் நாங்கள் சிலர் பேப்பர் எழுதிக் கொடுக்கிறோம்.

ஃபீஸ் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. என் 22 பிள்ளைகளுக்கும் 24 ராண்ட் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 264 நாள் கணக்கு, மாதத்துக்கு 22 நாள். மொத்தம் 11,616 ராண்ட். எங்களுக்கு வழக்கமான பிரிப்பு, சாப்பாட்டுக்கு நூற்றுக்கு 40, சம்பளத்துக்கு 40, மற்றதுக்கு 20. சம்பளப் பங்கு 4,646 வரும். 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். எட்டு மணி நேரம், 22 நாள் என்றால் ஒரு ஆளுக்கே 5,067 ராண்ட். மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒரு ஆள் வேண்டும், என் 22-க்கு இரண்டு பேர். ஒருத்தி சம்பளத்துக்கே போதாத பணத்தில் இரண்டு பேருக்கு எங்கிருந்து கொடுப்பது? மானியம் வாங்குகிற இடத்திலும் கொஞ்சம் ஃபீஸ் இருப்பது இதனால்தான். மானியமே இல்லாத அந்த அம்மா 700 ராண்டில் ஓட்டுகிறார் என்றால் அவர் தனக்கென்று என்ன எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். 17 ராண்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாடு 6 ராண்ட் 80 சென்ட். 2019-லிருந்து விலைவாசி எங்கெங்கோ போனபோதும் அந்த 17 நகரவே இல்லை. 24-இல் அது 9 ராண்ட் 60 சென்ட். கேட்க அற்பமாக இருக்கும். என் சமையலறையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. காலையில் மீலிமீல், அதாவது மக்காச்சோள மாவுக் கஞ்சிக்குப் பால் ஊற்ற முடிகிறது, முன்னால் தண்ணீர்தான். மதியம் பருப்புச் சோறு ஒரு நாள், சுகர் பீன்ஸ் கறியும் அதே மாவில் கிண்டுகிற புத்துவும் ஒரு நாள், வெள்ளிக்கிழமை முட்டை. திங்கட்கிழமை வருகிற பிள்ளைகளைப் பார்த்தாலே சனி ஞாயிறு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு பையன் முதல் தட்டை வழித்துவிட்டுப் பேசாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரண்டாவது தட்டு முடித்த பிறகுதான் பொம்மைப் பக்கம் போவான். அவனிடம் போய் வட்டம் எது, சதுரம் எது என்று அதற்கு முன்னால் கேட்டு என்ன பயன்? க்ரெஷ்ஷுக்குப் போகிற நான்கைந்து வயசுப் பிள்ளைகளை 2021-இல் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 57 பேர் வயசுக்கேற்ற படிப்பிலோ வளர்த்தியிலோ பின்தங்கியிருந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

வெஸ்ட்கிளிஃப் மருமகள்

அக்கா, படித்து முடித்ததும் அந்த அம்மாவைச் சந்தேகப்பட்டது கஷ்டமாக இருக்கிறது. அவரும் கராஜில்தான் நடத்துகிறார், ஒரே கழிவறைதான். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? எங்கள் வருமானத்துக்குத் தகுதி இருக்குமா?

பழைய வாத்தியார், டோங்காட்

கிரேட் ஆர் கேள்விக்கு நான் சொல்கிறேன் அம்மா. தொடக்கப்பள்ளியில் ரொம்ப காலம் இருந்தவன்.

பேலா என்கிற பள்ளிக் கல்வித் திருத்தச் சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா 2024 செப்டம்பர் 13 கையெழுத்துப் போட்டார். கிரேட் ஆர் இப்போது கட்டாயக் கல்வியில் சேர்ந்துவிட்டது. உங்கள் பையன் அக்டோபர் பிள்ளை. அந்த வருஷம் ஜூன் 30-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பது கிரேட் ஆருக்கு விதி. அவனுக்கு ஐந்து முடிவது 2026 அக்டோபர். ஆகவே 2027 ஜனவரியில் கிரேட் ஆர், 2028-இல் கிரேட் ஒன்று. 2026 முழுக்க அவன் க்ரெஷ்ஷில் இருக்க வேண்டிய வருஷம், அதை வீணாக்காதீர்கள்.

பள்ளி இருக்கிற பகுதியின் வசதியைப் பார்த்துப் பள்ளிகளை ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் மூன்று படியில் கட்டணம் கிடையாது. சாட்ஸ்வொர்த் பள்ளிகள் பலவும் மேல் படியில் இருப்பதால் கட்டணம் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். பிள்ளை பேரில் அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குக் கட்டண விலக்கு தானாகவே உண்டு. மற்றவர்களும் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். பணம் கட்டவில்லை என்று சேர்க்க மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அலுவலக ஜன்னலில் யாராவது வேறு மாதிரி சொன்னால், விலக்குப் படிவம் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

க்ரெஷ் அக்கா சொன்னதைப் படித்தபோது எங்கள் தாத்தா காலத்து நிலைமைதான் நினைவுக்கு வந்தது. டர்பன் இருக்கிற இந்த நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டித் தரவில்லை. கரும்புத் தோட்டத்துக்காரர்களும் காய்கறி விற்றவர்களும் காசு சேர்த்தார்கள். பவுனுக்குப் பவுன் என்று அரசாங்கம் அதற்கு ஈடு போட்டது. உதவி பெறும் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பேர். நான் படித்ததே அப்படி ஒன்றில்தான். காசு சேர்க்க முடிந்த ஊருக்குப் பள்ளி வந்தது, முடியாத ஊர்ப் பிள்ளை கரும்புக் காட்டுக்குப் போனது. அதே முறை இன்று மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் முதலில் இடத்தை நீ காட்டு என்று ஒரு கோகோவிடம் கேட்பது சரியில்லை.

ஃபீனிக்ஸ்காரன்

அக்கா, சம்பளக் கணக்கை நான் இப்படிப் பார்த்ததில்லை. எங்கள் பகுதியில் பிளான் வரைகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கோகோவுக்கோ வெஸ்ட்கிளிஃப் அம்மாவுக்கோ அளந்து வரைய வேண்டும் என்றால் சொல்லுங்கள், காசு வாங்காமல் செய்துகொடுக்கச் சொல்கிறேன்.

கராஜ் க்ரெஷ் அக்கா

தம்பி, வாயில் சர்க்கரை போடணும். தனிச் செய்தியில் உங்கள் நம்பரை அனுப்புங்கள், இந்த வாரமே பேசுவோம்.

தங்கச்சி, உங்களுக்குத் தகுதி இருக்கும் என்றுதான் தெரிகிறது. முதல் வேலை, பிள்ளை உதவித்தொகை. 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்ட் ஆனது. 2025 கணக்குப்படி கணவன் மனைவி இரண்டு பேர் வருமானமும் சேர்த்து மாதம் 11,200-க்குள் இருந்தால் கொடுப்பார்கள். நீங்கள் மனைவி விசாவில் இருந்தால் உங்கள் பேரில் முடியாது, இந்நாட்டுக் குடிமகனான உங்கள் வீட்டுக்காரர் பேரில் விண்ணப்பியுங்கள். ஷார்ட் டைம் நாளில் அவரே உதவித்தொகை தருகிற சாஸா அலுவலகத்துக்குப் போய் வரலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாத்தியார் ஐயா சொன்ன கட்டண விலக்குக்கும் பின்னால் இதுதான் கைகொடுக்கும். க்ரெஷ் மானியத்துக்குத் தகுதி பார்க்கும்போதும் இந்தத் தொகை வாங்குகிற பிள்ளை என்றால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அப்புறம் அந்த அம்மாவிடம் போங்கள். "மானியம் வருகிறதா" என்று கேட்காதீர்கள், "பதிவுக்கு எழுதிப் போட்டீர்களா, எது தடையாக நிற்கிறது" என்று கேளுங்கள். கழிவறைதான் தடை என்றால் அவர் இருபது பிள்ளையோடு நிறுத்திக்கொண்டு விண்ணப்பிக்கலாம், ஒன்று போதும். பதிவு வந்த பிறகு மானியம் கேட்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பெற்றோர் வருமானத்துக்கு அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். தாய்மார்கள் தராமல் இழுப்பதால் எங்கள் கோப்பு எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் பிரமாண வாக்குமூலம் எழுதி முத்திரை வாங்கலாம், இலவசம்தான். நீங்கள் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு மற்றத் தாய்மார்களிடமும் வாங்கிக் கொடுங்கள். அவருக்கு அதுவே பெரிய உதவி.

அதுவரை பையனை வீட்டில் வைக்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் விடுகிறேன், பாதி ஃபீஸ் தருகிறேன் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். நானும் சிலரை அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவர் முடியாது என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். இப்போது 22-உம் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஒரு பெண் டிசம்பரோடு இங்கே முடித்துக் கிரேட் ஆருக்குப் போகிறாள், ஜனவரிக்கு அந்த இடத்தை உங்கள் பையனுக்கு எழுதி வைக்கிறேன். அந்தத் தையல் வேலைக்காரர்களிடம் ஜனவரி வரை பொறுக்க முடியுமா என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றை இரண்டு நகல் எடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று சாஸாவுக்கு, ஒன்று க்ரெஷ்ஷுக்கு.